உறைக்குள் கொஞ்சம் கிராம்பு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப்பயலும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே என் பொழுது ஓடுகிறது. நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. காய்ச்சலோடு போன வாசனை பிடிக்கிற சக்தி திரும்பவே இல்லை. இனிமேல் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மசாலாக் கிடங்கில் இறங்குகிற ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, உள்ளங்கையில் கசக்கி மோந்து, ஏற்று என்று இவர் சொன்னால்தான் அது உள்ளே போகும், இல்லையென்றால் திரும்பிவிடும். அப்படிப்பட்டவர், மூக்கு போனதை ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார், எனக்கே தெரியாது. போன மாதம், எண்ணெயை வடித்து எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பை நல்ல சரக்கென்று ஏற்றிவிட்டார். நகத்தால் அழுத்திப் பார்த்திருந்தால் எண்ணெய் கசியாததே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் நகம் வைத்துப் பார்ப்பவர்களை இத்தனை வருஷம் கிண்டல் பண்ணிவிட்டு, அத்தனை பேர் முன்னால் இவர் எப்படி நகம் வைப்பார்? இப்போது கிடங்கு வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறார். முதலாளி துரத்தவில்லை, பாவம் என்று விட்டுவைத்திருக்கிறார். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும், இப்போது அதுவும் இல்லை. நேற்று பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது, இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தார்.

வாண்டுவின் பள்ளிக்கூடத்தில் கிராம்பின் கதை கேட்டார்கள் என்றாயே, அதற்கு மட்டும் இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கிராம்பு காயும் இல்லை, விதையும் இல்லை, விரியாத மொட்டு. ஒரு காலத்தில் உலகத்திலேயே கிழக்குக் கடலில் நாலைந்து குட்டித் தீவுகளில்தான் அந்த மரம் இருந்ததாம். அங்கிருந்து கை மாறிக் கை மாறித் தேசம் தேசமாகப் போயிருக்கிறது. ஒரு ராஜசபையில், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டுதான் ராஜாவிடம் பேச வேண்டுமாம். தீவுக்காரர்கள் பிள்ளை பிறந்தால் ஒரு மரம் நடுவார்களாம், மரம் நன்றாக இருந்தால் பிள்ளையும் நன்றாக இருக்கும் என்று. பிறகு கப்பலில் வந்த வியாபாரிகள், விலை இறங்கக் கூடாதென்று தங்கள் கைக்குள் இருந்த இடத்தை விட்டு மற்ற தீவுகளில் மரங்களை வெட்டிக் கொளுத்தினார்களாம். எரிந்தபோது கடல் வரைக்கும் மணத்திருக்கும் என்றார், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். யாரோ கன்றுகளைக் களவாகக் கொண்டுபோய் வேறு கரைகளில் நட்டதால்தான் இன்று எல்லார் வீட்டு டப்பாவிலும் இருக்கிறது என்பதை நான்தான் கெஞ்சிக் கேட்டு எழுதுகிறேன்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கிளம்பி வருகிறேன் என்று போனில் அழாதே, வந்து என்ன செய்யப்போகிறாய், போனது போனதுதான். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

வாண்டுவுக்குக் காட்டச் சொல்லி உறைக்குள் கொஞ்சம் கிராம்பு போட்டிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் நீட்டி, வாசனை இருக்கா பாத்துச் சொல்லு என்றார். கல்யாணமான நாளிலிருந்து, பால் கெட்டுவிட்டதா, மாவு பழசா என்று நான்தான் அவரிடம் நீட்டியிருக்கிறேன். கும்மென்று இருக்கிறது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பவில்லை. உறையைப் பிரித்ததும் மறக்காமல் போன் பண்ணி நீயும் சொல். நீ சொன்னாலும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் சொல்.

உன் அம்மா