நான்காவது நீச்சல்

மே 4, ஞாயிறு
காலையிலேயே வெயில். அலை பெரிது. கோவளத்தில் கூட்டம் தாங்கவில்லை. என்னோடு டூட்டி பார்க்கும் யூசுப்புக்குக் காய்ச்சல். லைஃப்கார்டு நான் ஒருவன் மட்டும்.

மதியத்துக்குள் மூன்று பேரை இழுத்து வந்தேன். மூன்றரைக்கு நான்காவது, ஊரப்பாக்கத்திலிருந்து வந்த காலேஜ் பெண். என் கை தண்ணீரைத் தள்ளுகிறது, ஆனால் வீச்சு மெதுவாகத்தான் வருகிறது. பக்கத்தில் தெரிந்தும் போய்ச் சேர முடியவில்லை. சேர்வதற்குள் இரண்டு முறை மூழ்கிவிட்டாள். பிழைத்தாள். அவள் அம்மா என் பனியனைப் பிடித்து, "இன்னாய்யா, குளிச்சிகினு வர்ற மாதிரி வர்றே?" என்றார்.

மே 5, திங்கள்
சூப்பர்வைசர் குமரேசன் சார் கூப்பிட்டார். கைப்பிடி பலம் பார்க்கும் மீட்டரை நீட்டினார். அழுத்தினேன். முள் வழக்கமான இடம் வரை போனது.

"பலம் நல்லாத்தானே கீது. அப்ப மனசுதான் இல்ல. இல்லாட்டி வயசு."

"தூங்கி எழுந்து வந்துகீறேன் சார். நேத்து மூணரைக்கு இத குடுத்துப் பாத்திருக்கணும்."

வேலையில் மெத்தனம் என்று மெமோ. கையெழுத்துப் போட்டேன். சிலிண்டர் புக் பண்ண மறந்தாயிற்று.

மே 7, புதன்
லீவு. கை ஏன் மெதுவாகிறது என்று கேட்க செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. பஸ்ஸில் நின்றே போனேன். அங்கே பிசியோதெரபி மேடம் ஒரே எடையை முப்பது தடவை இழுக்கச் சொன்னார். கடைசியிலும் எடை மேலே வந்தது. வர எடுத்த நேரம்தான் கூடியது.

"களைச்சா தசையோட இழுப்பும் குறையும், சுருங்கற வேகமும் குறையும். நீந்த ரெண்டும் வேணும். ரெண்டுலயும் கொஞ்சம் போனாலே மொத்தத்துல நிறைய போயிடும். மீட்டர் வேகத்தைக் காட்டாது."

மருந்து கேட்டேன். ஓய்வுதானாம்.

மே 8, வியாழன்
காலை ஆறு மணி. காய்ச்சல் விட்ட யூசுப் கரையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். கரை முதல் மிதவை வரை, இடைவெளி விடாமல் நான்கு தடவை.
1. 41 விநாடி
2. 43
3. 48
4. 57

"போதும் மச்சான். பாக்கவே பேஜாரா கீது."

மனது கொஞ்சம் லேசானது. பிறகு கோபம். அன்று நான் சோம்பேறித்தனம் பண்ணவில்லை.

மே 9, வெள்ளி
நேரங்களை எழுதி சாரிடம் கொடுத்தேன். மூன்று பேரை இழுத்தவனுக்கு இரண்டு மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். படித்தார்.

"ஆளுக்கு நான் எங்க போறது?"

தாள் டிராயருக்குள் போனது. மெமோ மட்டும் ஃபைலிலேயே இருக்கிறது.

மே 11, ஞாயிறு
மேகமூட்டம். கூட்டம் அதே. காலையில் என் பங்குக்கு மூன்று பேரை இழுத்தேன். இரண்டு மணிக்கு மாற்று ஆள் என்று செல்வம் வந்து நின்றான். நம்பவே முடியவில்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்து, அவனுக்கும் ஒரு டீ சொன்னேன்.

"எங்க டூட்டி உனக்கு?"

"நெம்மேலி பீச்சு அண்ணாத்த. சார்தான் இங்க போவச் சொன்னாரு."

"அங்க இப்ப யாரு?"

"யாரும் இல்ல."

பைக்கை எடுத்தேன். ஓய்வு இரண்டு மணி நேரமும் நெம்மேலி கரையில், நின்றபடி.