பாயாசத் தூக்கில் வந்த பார்லி

ஆரணி,
அமாவாசை, மத்தியானம்

என் கண்ணு சுகன்யாவுக்கு,

அம்மா அமலா எழுதுகிறேன். அப்பாவின் முட்டிவலியையும் என் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், கர்த்தர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் சுகம்தான். அந்த எத்தியோப்பியா மலைக்குளிரில் நீயும் இருமல் சளி அண்டாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் அழுகையைக் கேட்டால் வந்துடும்மா என்று வாய் தானாகச் சொல்லிவிடும், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். இன்றைக்கு அமாவாசை, தறிக்கெல்லாம் லீவு, தெருவே வெறிச்சென்று கிடக்கிறது. எதிர்வீட்டு ஹேமலதா சும்மாதான் இருக்கிறாள், இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். படிக்காமல் அனுப்புவாள் என்று நம்பிக்கை இல்லை, படித்தால் படிக்கட்டும் போ.

நீ சொன்னதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஊர் ஊராகப் போய் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிறவள், பாடத்துக்குத் தன் வீட்டையே திறந்துவிட்ட அல்மாஸ் அம்மாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆசையாகச் சேமியா பாயாசம் காய்ச்சிக்கொண்டு போயிருக்கிறாய். லெந்து நோன்பு நாளில் நாம் கறி மீனைத்தான் விடுவோம், பாயாசத்துக்கு என்ன வந்தது என்று நினைத்துவிட்டாய். அந்த ஆர்த்தடாக்ஸ் சபையார் ஈஸ்டர் வரைக்கும் பாலைக்கூடத் தொடமாட்டார்களாம். ஒருத்தரும் வாய் வைக்கவில்லை. அது போதாதென்று அவர்கள் குருவானவர் வேறு வந்து, ஆயிரத்தறுநூறு வருஷமா நாங்க ஏசுவைக் கும்பிடுறோம், நோன்புன்னா என்னான்னே தெரியாத பொண்ணு எங்களுக்கு இன்னாத்தைக் கத்துக்குடுக்கப் போவுது என்று கேட்டுவிட்டாராம். நீயும் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு, கிளம்பி வந்துடவா என்று என்னைக் கேட்கிறாய். அவர் கேட்டதில் தப்பு இல்லையடி. நம் வீட்டுக்கு ஏசு வந்து நாலு தலைமுறைதான் ஆகிறது. எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவும் சிரித்தார். அவருக்குத் தேசூர் ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமான புதிது, உபதேசியார் துரை என்று அவருக்கு அப்போதுதான் பேர் வந்திருந்தது, தோளில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு தேசூர் பஸ் ஏறிவிடுவார். அங்கே சமண வீடு, அப்பாண்டைநாதன் நயினார் என்று ஒருத்தர். இவர் பிரசங்கத்தை ஆரம்பித்தாலே அவர், எங்க கோயிலு வெள்ளக்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கீது உபதேசியாரே, மொதல்ல மோரு குடிங்க, அப்புறம் பேசிகினு இருக்கலாம் என்பாராம். எவ்வளவு நல்ல மனுஷன்! அந்தக் கிறிஸ்மஸுக்கு உங்க அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பேக்கரியில் கேக் வாங்கி நம் எவர்சில்வர் தட்டில் அடுக்கி அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். முட்டை போட்ட கேக்கு, சமணர் வீட்டுக்கு! நயினார் மனைவி திரிசலா அம்மா முகம் சுளிக்காமல் வாங்கி, கழனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். விஷயம் புரிந்ததும் இவருக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்கு வந்து பையை மூலையில் விட்டெறிந்து, மானமே பூட்ச்சி அமலா, இனிமே அந்த ஊர் பக்கம் தல வெச்சிப் படுக்கமாட்டேன் என்று ஒரே பேஜார். நான் தட்டைப் பார்த்தேன். கழுவித் துடைத்த தட்டு நிறைய வேர்க்கடலை உருண்டை. வேணாம்னு நெனைக்கிறவங்க தட்ட ரொப்பி அனுப்புவாங்களா என்று கேட்டு, அடுத்த வாரமே பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் போய் வந்தார். ஒருத்தர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் இவர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது முதலில் ஓடிவந்தவர் நயினார்தான். சமணராச்சே, பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார். அந்த உருவம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீ அழுகிற அழுகையில் ஒரு சங்கதியைப் போகிறபோக்கில் சொன்னாய். பாயாசத் தூக்கைக் கழுவி அல்மாஸ் அம்மா திருப்பி அனுப்பினார், உள்ளே வறுத்த பார்லி இருந்தது, நான் அதைத் தொடக்கூட இல்லை என்றாய். அடி மக்கு! குருவானவர் சொன்னது காதில் ஏறியது, அந்த அம்மா அனுப்பியது கண்ணில் படவில்லையா? முதலில் அந்தப் பார்லியைச் சாப்பிடு. அப்புறம் புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு போய் அவர்களோடு உட்கார். அவர்கள் நோன்பை அவர்களே உனக்குச் சொல்லித்தரட்டும். பாடம் நடத்துவதை அப்புறம் பார்க்கலாம்.

உனக்குப் பொய் சொல்லமாட்டேன். வந்துவிடு என்றுதான் என் மனசு இப்போதும் அடித்துக்கொள்கிறது, உன் கட்டிலுக்குப் புதுப் போர்வைகூடப் போட்டுவிட்டேன். அது கிடக்கட்டும், நீ அவர்கள் ஈஸ்டர் முடிகிறவரைக்கும் இரு. போகிற இடமெல்லாம் கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும், நீ கால் வைக்கிற வீடெல்லாம் செழிக்கட்டும். ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

இன்னொன்று. அவர்கள் ஈஸ்டர் நமக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறதாமே. அதுவரை நீ அங்கே தனியாக நோன்பிருக்க வேண்டாம், இங்கே நாங்களும் சேர்ந்து இருக்கிறோம். நம் ஈஸ்டர் வந்தாலும் இந்த வீட்டில் பிரியாணி கிடையாது, பால் டீயும் கிடையாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
அமலா துரை