மஞ்சள் தடவிய லெட்டர்

நிருபமா,

தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வெளியே போனா சாவியைக் கீழாத்துல குடு.

காலேஜ் உதவித்தொகை லெட்டர் வந்ததும் முழுசாப் படிக்காமலே மஞ்சள் தடவி சாமிகிட்ட வெச்சேன். "அதுல முக்காவாசி லோன்ப்பா"ன்னு நீ சொன்னப்போ, அபசகுனமாப் பேசாதேன்னு கத்தினேன். நேத்து ராத்திரிதான் முழுசாப் படிச்சேன். காலேஜ்காரன் லோனையும் சேர்த்து ஒரே தொகையாப் போட்டிருந்தான், மயங்கிட்டேன். கம்மியானாலும் மொத்தமும் இனாமாக் குடுத்த இன்னொரு காலேஜை, நான்தான் வேண்டாம்னு சொல்ல வெச்சேன்.

இப்போ அங்கேதான் போறேன். சீட் இன்னும் இருக்கான்னு கேக்கணும்.

அப்பா

பி.கு: மல்லேஸ்வரத்துலேருந்து பாமா அத்தை வருவா. ஃபுல் ஸ்காலர்ஷிப்னு நான் சொன்னதை நம்பி, உனக்குப் புடவை வாங்கியிருக்கா. காபி மட்டும் குடு. புடவையைப் பிரிக்காதே, நான் வந்து சொல்லிக்கறேன்.