வராத குழந்தையின் எடை

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ தொட்டிலில் கிடந்து விரலை எண்ணியபோதே, "இது கணக்கு வேலைக்குத்தான் போகும்"னு உங்கம்மாகிட்ட சொன்னவன் நான். இப்போது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாய். சந்தோஷம்.

ஆனால் உன் கடிதம் முழுக்க, அங்கே உனக்கு மேலதிகாரியாக இருக்கிற சித்தப்பா. நான் கடைசி வரியில்தான், இருமல் தேவலையா என்று. 'ஆர்' என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அட்டவணைக்கு ஒவ்வொரு வரிசையாக ஒட்டிக்கொண்டே போனாயாம், கம்ப்யூட்டர் நகரவே இல்லையாம். "முதல்ல வேணுங்கிற அளவுக்கு வெறும் கட்டமா ஒரு மேட்ரிக்ஸ் பண்ணிக்கோ, அப்புறம் நிரப்பு" என்று சித்தப்பா சொன்னாராம், பறந்ததாம். இதற்கு ஒரு மேல்படிப்பா? நாற்காலி வாடகைக்கு விடுகிற நான் தினமும் செய்வது அதுதானே. ஆள் வர வரவா நாற்காலி போடுகிறேன்?

அவருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வெற்றுக் கட்டங்களில் அவர் வைக்கச் சொன்ன அந்த 'என்ஏ' எல்லாம் வேண்டாம், சுழி போடு. என் கடைக்கு வருகிற பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினியர் சொன்னது. என் தோளில் கை போட்டுத்தான் பேசுவார்.

உன் ஒரே தாய்மாமன்

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் தேவலையா? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

உங்கள் பேச்சை நம்பி, சித்தப்பா வைக்கச் சொன்ன என்ஏவை எடுத்துவிட்டுச் சுழி போட்டேன். வரிசைக்கு ஒரு குழந்தை, பத்திக்கு ஒரு மாதம், கட்டத்தில் எடை. குழந்தை வராத மாதம் கட்டம் நிரம்பாது. என்ஏ என்றால் 'தெரியாது'. சராசரியில் அதைத் தள்ளிவிடலாம். சுழி என்றால் குழந்தைக்கு எடையே இல்லை. பிள்ளைகள் எல்லாம் இளைத்துப் போகிறார்கள் என்று அறிக்கை போய், ஆஸ்பத்திரியே கலங்கிவிட்டது. காலி நாற்காலியைப் பார்த்து, எடையில்லாத ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பீர்களா, மாமா?

"யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் பெரிய டாக்டர். இன்ஜினியர் என்றேன். "உன் சித்தப்பாவைக் காப்பாத்தக் கதை விடாதம்மா" என்கிறார். என் மேலதிகாரி சித்தப்பாதானே. அவர் வேலைக்கே ஆபத்து. இன்ஜினியரின் பெயரும் விலாசமும் உடனே அனுப்புங்கள்.

மருமகள்

மார்ச் 24

அன்பு மருமகளே,

சித்தப்பாவுக்கு வேலை போகும் என்று படித்ததும் ஒரு டீ குடித்தேன். பொய் சொல்வானேன், சர்க்கரை போடாமலே இனித்தது.

அப்புறம் உன் கையெழுத்தைக் கவனித்தேன். நான் போட்ட நாற்காலி மாதிரி நேராக நிற்கிற எழுத்து, கடைசி வரியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

இத்துடன் பெரிய டாக்டருக்கு நாலு பக்கம் வைத்திருக்கிறேன். அப்படியே கொடு. இப்படி ஒரு கடிதத்தை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். சித்தப்பா படித்தால் சிரிப்பார். சிரிக்கட்டும், வேலையில் இருந்துகொண்டே சிரிக்கட்டும்.

பெயரும் விலாசமும் கேட்டாய். அந்த நாலு பக்கத்தில் என் பெயரும் என் கடை விலாசமும்தான் இருக்கும். என் தோளில் யாரும் கை போட்டதில்லையம்மா. அப்படி ஒரு இன்ஜினியர் கிடையாது.

மாமா