பொத்தான் பவளம்

அன்புள்ள என்னவருக்கு,

நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிட்டோம், எழுந்து நடமாடுகிறோம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். போனில் பேச ஆரம்பித்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கு அழுகை வருகிறது, அதற்குள் லைனும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகும் எஞ்சினியர் இதைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு அங்கே நீங்கள் ஒன்று நினைத்திருப்பீர்கள்.

நீங்கள் கிளம்பிய புதிதில் அந்த மீன்தொட்டிப் பக்கமே நான் போகமாட்டேன். ஒரு துண்டுக் கடலை ஹாலில் வைத்துவிட்டு, காப்பாற்று என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்தது. ஊதா மீன் செத்து மிதந்தது. நம் வாலு அன்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பேத்தியை வெளியே இழுக்க வழி தெரியாமல்தான் உங்கள் அப்பா தொட்டிப் பக்கம் போனார். கரன்ட் பில் வரும்போதெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்த அதே மனிதர்தான். அதற்குப் பிறகு உப்பு அளவு பார்ப்பது, வற்றிய தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது, மீனுக்குத் தீனி போடுவது எல்லாம் மாமா பொறுப்பாகிவிட்டது. ஹாஸ்டல் சமையலறையில் அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டியவர், மூக்குப்பொடி எடுப்பதுபோல் இரண்டு விரலால் தீனி எடுத்துத் தூவுவார். கோமாளி மீன்கள் அவர் சட்டை நிறத்தைக் கண்டாலே கண்ணாடிக்கு ஓடிவரும். கற்களில் ஒட்டி உயிரோடு வளரும் பவளங்கள் எல்லாம் நன்றாக விரிந்தன. ஒரு மாலை மூன்று பேரும் டிவியைப் போடவே மறந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அதையும் உங்களிடம் சொல்ல நினைத்து விட்டுப்போயிற்று.

அப்புறம்தான் நீங்கள் அந்த போன் செய்தீர்கள். வாலு போனைத் தொட்டிக்கு நேராகக் காட்ட, பச்சையாகப் பொத்தான் பொத்தானாக இருக்கும் அந்தப் பவளம் பக்கத்துக் கல்லில் ஏறுகிறது, விட்டால் எல்லாவற்றையும் மூடிவிடும், அந்தக் கல்லை வெளியே எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்ப வையுங்கள் என்றீர்கள். மாமா தலையாட்டினார். நீங்கள் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். மாமா கல்லை எடுத்துச் சமையலறை சிங்க்கில் வைத்துக் கத்தியால் சுரண்டியிருக்கிறார், சரியாக வரவில்லை. சமையல்காரருக்குச் சுத்தம் என்றால் கொதிக்கிற தண்ணீர்தானே. பெரிய பாத்திரத்தில் காயவைத்து அதன் தலையில் கொட்டியிருக்கிறார். ஆவி அப்படியே எழும்பியிருக்கிறது. மழை என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். வாலு ஸ்டூல் போட்டு ஏறி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

நான் வந்து கதவைத் திறந்ததும் எனக்கும் தொண்டை கமறியது. வாலு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, நாக்குல காசு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். மாமா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, சளி என்று கையை ஆட்டினார். பேச மூச்சு வரவில்லை, அதனால்தான் கையை ஆட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கீழ்வீட்டு வாத்தியார் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் எனக்கும் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. பிள்ளையைப் பார்ப்பதா, மாமாவைப் பார்ப்பதா, நான் மயங்கினால் இவர்களை யார் பார்ப்பது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மூன்று பேரும் சேர்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் கடையிலேயே சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, அப்படியானால் மூன்று பேரும் எதை மூச்சில் இழுத்தீர்கள் என்று கேட்டார். மாமாதான் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கல்லைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா வெளியே போய் யார் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. அந்தப் பவளத்துக்குள் கொடிய விஷம் இருக்கிறது, சூடு பட்டு ஆவியோடு கலந்திருக்கிறது, இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம் என்றார்.

காத்திருந்தோம். வாலு சீக்கிரம் தெளிந்தாள். எனக்கும் இறங்கிவிட்டது. மாமாவுக்குத்தான் இதயத் துடிப்பு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை அந்த மெஷின் கத்தும்போதும் நர்ஸ் ஓடிவருவார், என்னை வெளியே நிறுத்துவார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவர் பாதம் மட்டும் தெரியும். அது அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் உங்கள் கம்பெனி மூலமாக உங்களைப் பிடிக்க முடிந்தது. மாமா கல்லைச் சுத்தம் செய்தார், எங்களுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான் நான் சொன்னேன். நீங்கள் உடனே, "வெந்நீர் ஊத்தினாரா?" என்றீர்கள்.

நான் வெந்நீர் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

அடுத்து போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள். "என் பிள்ளையக் கொன்னிருப்பீங்களே" என்று நீங்கள் கத்தியது பக்கத்துக் கட்டில் வரை கேட்டது.  லைன் போனபிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். நான்தான் மெதுவாக வாங்கினேன்.

வீட்டை ஆஸ்பத்திரியில் சொன்னபடி கழுவிச் சுத்தம் செய்தாயிற்று. அந்தப் பாத்திரத்தையும் கத்தியையும் தூக்கிப் போட்டாயிற்று. கல்லை இரண்டு உறைக்குள் கட்டி ஆஸ்பத்திரி ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் தொட்டியில் தண்ணீர் வற்றி உப்பு ஏறி, பாதிப் பவளம் வெளுத்துவிட்டது. கோமாளி மீன்கள் எப்படியோ பிழைத்துக்கிடக்கின்றன. இப்போது நான்தான் பார்க்கிறேன். உப்பு வாளிக்குப் பின்னால், அலமாரி அடியில், உங்கள் நீளக் கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் மாஸ்க்கும் இருந்தன. அந்தப் பவளத்தை வெட்டும் நாளில் எங்களை மொட்டைமாடிக்குத் துரத்துவீர்களே, தொந்தரவு செய்கிறோம் என்றுதான் துரத்துகிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்தேன். சொன்னால் பயந்து தொட்டியே வேண்டாம் என்பேன் என்று மறைத்தீர்களா? அன்று போனில் மறந்துபோய்விட்டீர்களா? எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம்.

மாமா ஹாலுக்கு வருவதே இல்லை. வாலு அவர் அறை வாசலில் உட்கார்ந்து, மீன் இன்று என்ன செய்தது என்று உரக்கச் சொல்கிறாள். அவர் உள்ளேயிருந்து ம் கொட்டுவார், வெளியே வரமாட்டார். அவளைத் தூக்குவதில்லை, தனியாக அவளோடு இருப்பதில்லை. நான் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றபோது, "இனிமே என்னை நம்பிப் பிள்ளைய விடாதம்மா" என்றார். உங்கள் அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மாதக் கடைசியில் அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்களாம். துணிமணியெல்லாம் பெட்டியில் வைத்தாயிற்று. அக்கா வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் பேத்தியைக் கொல்லப் பார்த்தவன் என்ற நினைப்போடு அவர் இந்தப் படி இறங்கக்கூடாது.

அவருக்கு இந்தக் கையுறை சமாசாரம் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நான் சொல்லும் விஷயம் இல்லை.

உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் வீட்டுக்குப் பேசுங்கள். என்னோடு வேண்டாம், வாலுவோடும் வேண்டாம், உங்கள் அப்பாவோடு பேசுங்கள். உங்கள் போன் என்று தெரிந்தால் நான் எடுக்கமாட்டேன், அவர் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். இன்னும் அவருக்கு மூச்சு வாங்குகிறது, எடுக்க நேரமாகும். மணி அடித்து ஓய்ந்துவிட்டால் அவருக்குக் கோபம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை அடியுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வாலுவின் அம்மா