காணி உள்ளவர்கள்

2024 பெப்ரவரி 6
எங்கள் அகதி முகாம் இருக்கும் காணியின் சொந்தக்காரர் கேதீஸ்வரன் அண்ணை கனடாவிலிருந்து வந்திருக்கிறார். இதில் குளிரூட்டிய கலியாண மண்டபம் கட்டப்போகிறாராம். பதினொரு குடும்பமும் சித்திரைக்கு முன் எழும்பவேண்டும்.

"தொண்ணூறிலை இருந்து இருக்கிறியள் தங்கச்சி. ஒரு நாளாவது எழும்பச் சொன்னனானோ?"

இல்லை. நல்ல மனுசன். அதனால் சண்டை பிடிக்கவும் வாய் வரவில்லை.

பெப்ரவரி 14
அரசாங்க வீட்டுத்திட்டம் கேட்டு அலுவலகத்தில் மூன்று மணித்தியாலம். காணி இல்லாதவர்களுக்குக் காணியும் வீடும் கொடுக்கிறார்கள்.

"உங்கடை ஐயாவின்ரை பேரிலை நாலு பரப்புக் காணி இருக்கே அக்கா."

"அது ஆமியின்ரை வேலிக்குள்ளை. போகேலாது."

"எண்டாலும் நீங்கள் காணி உள்ள ஆக்கள்."

மேசையிலிருந்த உத்தியோகத்தர் பிள்ளை கோப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெப்ரவரி 15
வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 3
காணியைப் பிரான்சிலுள்ள சித்தப்பாவின் மகன் சிவரூபனுக்கு எழுதிவிட்டால் நாங்கள் 'காணி இல்லாதவர்கள்' ஆகிவிடுவோம். ஐயாவிடம் சொன்னேன். எண்பத்திரண்டு வயது. ஏசுவார் என்று நினைத்தேன்.

"அங்கை கிணறு நல்ல தண்ணி" என்றார்.

"முப்பத்திநாலு வருசமா அந்தத் தண்ணியையே குடிச்சனாங்கள்?"

ஏன் அப்படிக் கேட்டேன்? அவர் இரவு சாப்பிடவில்லை. நானுந்தான். என்ரை பிள்ளை ஆரபிக்குப் பதினேழு வயது. சோதினைக்குக் குந்தியிருந்து படிக்க ஒரு மூலை இல்லை. நான் வேறென்ன செய்யிறது - வேறென்ன செய்யிறது?

மார்ச் 19
காணி உறுதி எழுத மூன்று பேரும் கொக்குவிலில் நொத்தாரிசு வீட்டுக்குப் போனோம். ஐயா தானே சட்டை மாற்றிக்கொண்டு முன்னுக்கு வந்து நின்றார். கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன்.

"விடு. நான் வைப்பன்."

திரும்பும்போது ஆரபி பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். அவர் இறங்கும்வரை அசையவில்லை.

ஓகஸ்ட் 27
காணியும் வீடும் கிடைத்து இங்கு வந்து ஒன்பது நாள்; அதுவரை கேதீஸ்வரன் அண்ணை பொறுத்துக்கொண்டார். இரண்டு பரப்பு, இரண்டு அறை, சுற்றிவரப் புது வீடுகள். ஆரபி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கிறாள். முகாம் இருந்த இடத்தில் மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். திறந்ததும் எச்சில் கோப்பை கழுவும் வேலைக்கு வரச்சொல்லி கேதீஸ்வரன் அண்ணை சொல்லியனுப்பினார். போவேன்.

பின்னேரம் அயல்வீட்டு மனிசன் வந்து, "ஐயா, உங்களுக்குச் சொந்த இடம் எது?" என்று கேட்டார்.

ஐயா குசினிப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, நாங்கள் எவ்விடமெண்டு சொல்ல?"

தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொடுத்த காணி இருக்கும் ஊரின் பெயர் வாய்வரை வந்தது. குனிந்து அடுப்பை ஊதினேன்.