யாருடைய ஸ்விங் இது?

மார்ச் 4, செவ்வாய்

இவர் காலை ஐந்தரைக்கு நடக்கப் போனார், ஏழரைக்குத் திரும்பினார். உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, புதிதாக ஒரு கொப்புளம். நடந்தால் காலில் வரும். கையில் எப்படி வந்தது? கேட்கவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

கிளப்பில் நாங்கள் இருவர், வக்கீல், பல் டாக்டரம்மா. நாலு பேர் ஆட்டம்.

பதினோரு வருடமாக இவர் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்துவருகிறேன். கோபத்தில் கதவைச் சாத்துவது போல இருக்கும் இவர் ஸ்விங். படார். அவ்வளவுதான். இன்று மட்டையை மெதுவாக மேலே கொண்டுபோனார். உச்சியில் ஒரு மூச்சு நேரம் நின்றார். இடது குதிகால் தரையிலிருந்து இரண்டு விரற்கடை எழுந்தது. குதிகால் இறங்கிய பிறகுதான் கை இறங்கியது. முடித்தபோது தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பந்து நூல் பிடித்தாற்போல் போனது.

"சார், ஸ்விங்கையே மாத்திட்டீங்களே! அழகா இருக்கு" என்றார் பல் டாக்டரம்மா.

"சும்மா... வயசாகுதில்ல" என்று சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்.

வங்கியில் எனக்குக் கையெழுத்து சரிபார்க்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. கையெழுத்து தானாக மாறாது. அவசரத்தில் மாறும், நோயில் மாறும். இரண்டும் இல்லையென்றால் வேறொருவர் கையெழுத்தைப் பார்த்துப் பழகியது. அப்படிப் பழகியதில் ஒரு அக்கறை தெரியும். சொந்தக் கையெழுத்தில் யாரும் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. இவர் ஸ்விங்கில் இன்று அந்த அக்கறை இருந்தது.

யாருடையதைப் பார்த்துப் பழகினார்?

மார்ச் 11, செவ்வாய்

மறுபடி "நடை". இவர் போனதும் மட்டைப் பையை எண்ணினேன். ஏழாம் நம்பர் மட்டை இல்லை. இவர் திரும்பி வந்து குளிக்கப் போனபோது எண்ணினேன். இருந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டிவிட்டது என்று நினைக்குமாம்.

மார்ச் 13, வியாழன்

மாலை கோச்சிடம் என் வகுப்பு. இரண்டு வருடமாக எனக்கு ஒரே பாட்டு: "இடது கால் ஆணி அடிச்ச மாதிரி இருக்கணும் மேடம். முக்கால்வாசிக்கு மேல கையைத் தூக்காதீங்க." இவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். நான் ஆடுவது "பரண்ல டப்பா எடுக்கிற மாதிரி" இருக்கிறதாம். கிளப் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கோச்சிடம் போன பிறகு சிரிப்பு நின்றது. பந்து போகும் தூரமும் குறைந்தது, அது வேறு கதை.

சும்மா கேட்பது போலக் கேட்டேன். குதிகால் தூக்கி ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

"அது பழைய ஸ்டைல் மேடம். இடுப்பு லேசா திரும்பும், முதுகு நோகாது. ஆனா பந்து எங்க போகும்னு சொல்ல முடியாது. இப்ப யாரு அப்படி ஆடுறா?"

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களோன்னு நினைச்சேன்."

"நானா? அவருக்கா?" விழுந்து விழுந்து சிரித்தார். இவர் யாரிடமும் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது கிளப்புக்கே தெரியும். அப்படிப்பட்டவர் ஒருத்தியிடம் கற்றுக்கொள்கிறார் என்றால்?

ஒருத்தி என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

மார்ச் 15, சனி

பயிற்சி மைதானத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் ஒரு புத்தகம், பேருக்கு. பார்த்ததெல்லாம் கால்களை.

வக்கீல்: பாதியில் நிறுத்தி, யோசித்து, பிறகு அடிக்கிறார். வாய்தா வாங்கும் ஸ்விங். கட்டட கான்ட்ராக்டர்: தோளால் மட்டும் அடி, கீழே எதுவும் அசையாது. மைதான மேனேஜரின் மனைவி: குதிகால் எழுகிறது, ஆனால் மேலே நிற்காமல் ஓடிவந்துவிடுகிறது. பல் டாக்டரம்மா மேலே நிற்கிறார். ஒரு மூச்சு நேரம், அதே அளவு. குனிந்து காலைப் பார்த்தேன். குதிகால் தரையோடு தரையாக இருந்தது. தலையும் சாயவில்லை.

அவர் இல்லை. ஆனால் மனசு அவரை விடுவிக்க மாட்டேன் என்கிறது. இவர் அவரைப் பார்த்துச் சிரித்தாரே!

மார்ச் 16, ஞாயிறு

தலைவலி என்று இவர் ஆட வரவில்லை. நான் தனியாகப் பயிற்சிக்குப் போனேன். கோச் இல்லை. போலிக் கையெழுத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு, அதை நாமே போட்டுப் பார்ப்பது. எங்கே கை தடுமாறுகிறது, எங்கே ஓடுகிறது என்று அப்போது தெரியும்.

முதலில் கோச்சின் முறையில் பத்துப் பந்து. கால் ஆணி, கை முக்கால். எல்லாம் ஒழுங்காகப் போய் ஒழுங்காக விழுந்தன. பிறகு அந்த முறையில் பத்து. மெதுவாக மேலே, ஒரு மூச்சு, குதிகால்.

தடுமாறவே இல்லை. முதல் பந்திலேயே உடம்பு 'அப்பாடா' என்றது. மைதானத்தில் தூரம் குறித்த பலகையைத் தாண்டி விழுந்தது, நான் ஒரு வருடமாகத் தொடாத பலகை. பத்தும் அப்படியே.

வெட்கங்கெட்ட உடம்பு. எவளுடையதோ எனக்கும் பிடித்துவிட்டது. காரில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 18, செவ்வாய்

வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு இவர் பின்னாலேயே போனேன். ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய பயிற்சி மைதானம். தனியாகத்தான் இருந்தார். பந்துக் கூடையில் போனைச் சாய்த்து வைத்து, எதையோ பார்ப்பார். போட்டுப் பார்ப்பார், நிறுத்திப் பார்ப்பார். ஒரு பந்து அடிப்பார். மறுபடி பார்ப்பார். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள்! அந்தச் சிரிப்பை என்னிடம் காட்டி எத்தனை வருஷம் ஆச்சு?

போய் நின்னு கேட்டிருக்கலாம்ல? யாரு அவள்னு கேட்டிருக்கலாம். ஏன் கேக்கல? பயம். பேரு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றது? இருபத்து நாலு வருஷம். இந்த ஆளை விட்டா எனக்கு யாரு இருக்கா?

ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்று முழுக்க எந்தக் கையெழுத்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டை வேறொருவரிடம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தேன். அப்பாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான்.

"மேல போய் ஒரு மூச்சு நிக்கும். இடது குதிகால் எழும். முடிக்கும்போது தலை லேசா சாயும். அப்படி ஆடுற பொம்பள யாரையாவது உனக்குத் தெரியுமாடி? நீதான் கிளப்புக்கு வந்துட்டு இருந்தியே."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அம்மா, விளையாடுறியா?"

"சொல்லுடி."

"போனை வை. ஒண்ணு அனுப்புறேன்."

பத்தொன்பது வினாடி வீடியோ. நீலத் தொப்பி போட்ட ஒருத்தி, முகம் தெரியவில்லை. வேலைப் பழக்கம், நான் முதலில் முகத்தைத் தேடவில்லை, ஸ்விங்கைத்தான் பார்த்தேன். அதேதான். அதே மூச்சு, அதே குதிகால், அதே சாய்வு. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பந்து போனதும் அவள் கேமரா பக்கம் திரும்பினாள்.

நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பெண்கள் கோப்பை ஜெயித்த அன்று, மகள் எடுத்தது.

ஊரார் கையெழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னுடையதை நான் பார்த்ததே இல்லை. ஆடுகிறவளுக்குப் பந்துதான் தெரியும், பின்னால் நிற்கிறவருக்குத்தான் ஆள் தெரியும்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். "அப்பாவும் போன மாசம் இதைத்தான் கேட்டு வாங்கினாரு. முதுகு ரொம்ப மோசமாம். இப்படியே அடிச்சா ஆட்டத்தையே விடணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். உன்கிட்ட சொல்லாதேன்னாரு."

"ஏன்?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்வாரு? பரண், டப்பான்னு சொன்ன வாயாச்சே."

சிரித்தேன். நிம்மதியில் கொஞ்சம் அழுதேன். பல் டாக்டரம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, கோபம் வந்தது. இரண்டு வருஷம்! நல்லா ஆடிட்டு இருந்தவளை நிறுத்தி, காலுக்கு ஆணி அடிக்க வெச்சுட்டு, இப்ப அதையே எடுத்துக்கிட்டாரா?

மார்ச் 20, வியாழன்

காலை மேசையில், "அந்த வீடியோவுல தொப்பி என்ன கலர்?" என்றேன்.

ரொட்டித் துண்டு அப்படியே நின்றது. "நீலம்" என்றார். பொய் சொல்லவில்லை, அதுவரை சரி.

"நல்லா இல்லேன்னுதானே என்னை மாத்தச் சொன்னீங்க?"

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். "நீ கப் வாங்கின அன்னிக்கு ஆம்பளைங்க ஆட்டத்துல நான் பதினேழாவதா வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

மார்ச் 24, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இவர் நடக்கப் போகவில்லை. வெந்நீர்ப் பையை முதுகில் வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். பை ஆறியதும் மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் பேசவில்லை.

மார்ச் 27, வியாழன்

கோச்சிடம் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "ஏன் மேடம், நல்லா வந்துட்டு இருந்தீங்களே?" என்றார். இல்லை, இங்க வர்றதுக்கு முன்னாடியே நான் நல்லா ஆடிட்டு இருந்தேன் என்று சொல்லவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 30, ஞாயிறு

முதல் டீ, ஆட்டம் தொடங்கும் இடம். வக்கீல், பல் டாக்டரம்மா, பக்கத்தில் கோச் வேறு. நான் என் போக்கில் அடித்தேன். பந்து எங்கே விழுந்தது என்று எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

இவர் பந்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு பின்வாங்கி, எல்லார் எதிரிலும், என்னைப் பார்த்துக் கேட்டார்: "குதிகால் எப்ப இறங்கணும்? எனக்கு அந்த இடம்தான் பிடிபடல."

"என்ன சார், வீட்டம்மாதான் இப்ப கோச்சா?" என்றார் வக்கீல்.

"இது அவங்க ஸ்விங். நான்தான் கிண்டல் பண்ணிக் கெடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோச் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு முன்னாடி இறங்கணும்" என்றேன். பத்து நாளில் ரொட்டிக்கும் வெந்நீருக்கும் அப்பால் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை.

அடித்தார். அவசரம், பழைய படார். பந்து புதருக்குள் போனது. இன்னொன்றை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். இவருக்குக் குனிவது கஷ்டம். பந்தை வாங்கி, நானே குனிந்து வைத்தேன்.

"மெதுவா" என்றேன். "நான் பின்னாடி நின்னு பாக்குறேன்."